பொதுக் கிட்டங்கி

கொழும்பு மாநகரின் வடபால், துறைமுகத்தை அடுத்துக் கிடப்பது கொச்சிக்கடை. மலையாளக் கரையிலுள்ள கொச்சியிலிருந்து வந்தோர் கடை வைத்திருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது என்பர். செவ்வாய்க்கிழமைதோறும் அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டு வருவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அத்தலத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் செட்டியார் தெரு. இன்று நகைக்கடைகளால் ஒளிரும் அத்தெருவில் முன்னொரு காலத்தில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன.

கிட்டங்கி என்றால் பண்டசாலை என்பது பொதுப் பொருள். ஆனால் நகரத்தார் கடல் கடந்து சென்று தொழில் செய்த ஊர்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. இரங்கூன், சிங்கப்பூர், பினாங்கு முதலிய நகரங்களில் ஒரே நீண்ட கூடத்தைப் பல வட்டிக்கடையினர் பகிர்ந்துகொண்டனர். அக்கூடத்தில் ஆளுக்கோர் இடம் வகுத்து, அவ்விடத்தில் ஒரு பெட்டகமும் தாழ்ந்த கணக்கு மேசையொன்றும் வைத்துத் தொழில் நடத்தினர். கூரை ஒன்று, வாயில் ஒன்று, பெட்டகங்கள் மாத்திரம் வேறு வேறு, அவற்றின் திறப்புகளும் வேறு வேறு. பகிரவேண்டியதைப் பகிர்ந்து, பகிரத் தகாததைப் பூட்டி வைத்த ஒழுங்கே கிட்டங்கியின் உயிராக விளங்கிற்று.

இன்றைக்குக் கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் மருந்துச்சாலைகளிலும் இத்தகைய கிட்டங்கியொன்று கண்ணுக்குப் புலப்படாமல் இயங்கி வருகின்றது. அதற்குக் கோப்புப் பகிர்வுச் சேவையகம் என்று பெயர். தடித்த புத்தகங்கள் நான்கைந்தை அடுக்கி வைத்தாற்போன்ற சிறு பெட்டியாகவும் அது இருக்கலாம். ஓர் அறையை நிறைக்கும் இயந்திரத் தொகுதியாகவும் இருக்கலாம். உருவம் எதுவாயினும் அதன் தொழில் ஒன்றே. பலரும் எழுதும் ஏடுகளை ஓரிடத்தில் வைத்துப் பலருக்கும் எடுத்துக் கொடுப்பது அத்தொழில். அதனை வாங்குவது எளிது. அதனைப் பேணுவது எங்ஙனம், பேணாதுவிட்டால் நேர்வது யாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

கொச்சிக்கடையில் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொள்க. அங்கே ஐந்து கணினிகள். திருமண அழைப்பிதழ் ஒன்றை ஒருவர் தட்டச்சு செய்கிறார், இன்னொருவர் ஒப்புநோக்குகிறார், மூன்றாமவர் அச்சுக்கு அனுப்புகிறார். சேவையகம் இல்லாத காலத்தில் அக்கோப்பு விரலளவான நினைவகக் குச்சியில் ஏறி மேசைக்கு மேசை பயணம் செய்யும். ஈற்றில் ஐந்து கணினியிலும் ஐந்து அழைப்பிதழ்கள். எதில் மணமகனின் பெயர் திருத்தப்பட்டது, எதில் முகூர்த்த நேரம் பிழையாக நின்றது என்பது ஒருவருக்கும் தெரியாது. பிழையானது அச்சேறிய பின்னரே உண்மை வெளிப்படும். உண்மைப் பிரதி ஒன்றே, அது இருக்கும் இடமும் ஒன்றே என்ற நிலையை உண்டாக்குவதே சேவையகத்தின் முதற் பயன்.

இந்த ஏற்பாடு நேற்றுத் தோன்றியதன்று. ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொரு கணினி தன்னுடையதே போலத் திறந்து பயன்படுத்துவதற்கான நெறிமுறையை 1983 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பரி பைகன்பாம் என்பவர் வகுத்தார். எஸ்.எம்.பி. என்ற மூன்றெழுத்தால் அது வழங்கும். அடுத்த ஆண்டிலே சன் நிறுவனம் என்.எப்.எஸ். என்னும் வேறொரு நெறிமுறையை வெளியிட்டது. பின்னர் அவுஸ்திரேலியத் தலைநகரான கன்பராவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர், எஸ்.எம்.பி. மொழியைப் பேசவல்ல சேவையக மென்பொருளொன்றை எழுதி, யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு வழங்கினார். அதற்குப் பெயர் மாற்றவேண்டிய தேவை வந்தபோது, எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் வரிசையாக அமைந்த சொல்லை அகராதியில் தேடினார். சம்பா என்ற சொல் அகப்பட்டது. இன்று சிறு கந்தோர்களின் மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பெட்டிகளுட் பலவற்றுள் இயங்குவது அந்தச் சம்பாவே.

பெட்டியினுள்ளே இருப்பவை வன்தட்டுகள். தட்டு என்பது இயந்திரம், இயந்திரம் தேயும், தேய்ந்தது ஒருநாள் நிற்கும். இது எந்நாள் என்பதை எவராலும் கூறமுடியாது. ஆகவே ஒரு தட்டு நின்றபோதும் ஏடுகள் அழியாதிருக்க வழி யாதென அறிஞர் ஆராய்ந்தனர். 1988 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து. ரெயிட் என்று வழங்கும் முறை அதுவே.

அம்முறையின் உட்பொருளைச் சிறு பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். முதல் தட்டிலே மூன்று என்ற எண்ணையும், இரண்டாவதிலே ஐந்து என்ற எண்ணையும் எழுதுக. மூன்றாவது தட்டிலே அவ்விரண்டின் கூட்டுத்தொகையாகிய எட்டை எழுதுக. முதல் தட்டு கெட்டுப்போயிற்று. எட்டிலிருந்து ஐந்தைக் கழித்தால் மூன்று மீண்டும் வந்துவிடும். உண்மையில் இயந்திரம் செய்யும் கணக்கு இதனின்றும் சிறிது வேறுபடினும் தத்துவம் இதுவே. கெட்ட தட்டைக் கழற்றிப் புதிய தட்டை இட்டால், எஞ்சிய தட்டுகளிலிருந்து கணக்கிட்டு இழந்ததை இயந்திரம் மீள எழுதிவிடும்.

இங்கே இரு எச்சரிக்கைகள் வேண்டப்படுகின்றன. ஒரு தட்டு நின்றவுடன் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். வேலை தடைப்படாமையால், “இயங்குகிறதுதானே, அடுத்த மாதம் பார்ப்போம்” என்று விட்டுவிடுவோர் பலர். கூட்டுத்தொகை ஒன்றை மாத்திரம் வைத்திருக்கும் பெட்டியில், அந்த அடுத்த மாதம் வருமுன் இரண்டாவது தட்டும் நின்றால் கழிப்பதற்கு எண் இல்லை, யாவும் போயிற்று. ஒரே நாளில் வாங்கிய தட்டுகள் ஒரே வயதின. அவை அடுத்தடுத்து நோயுறுவது வியப்பன்று. ஆதலால் சிவப்பு விளக்கைக் கண்ட அன்றே புதிய தட்டு இடல் வேண்டும்.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் பெரிது. ரெயிட் முறை தட்டின் சாவுக்கு மருந்தேயன்றி மனிதரின் கைத்தவறுக்கு மருந்தன்று. இலிகிதர் ஒருவர் ஓர் ஏட்டைத் தவறுதலாக அழித்துவிட்டால், அந்த அழிப்பு எல்லாத் தட்டுகளிலும் அக்கணமே நிறைவேறும். தீயும் வெள்ளமும் திருட்டும் பெட்டியை முழுமையாகக் கொண்டுசெல்லும். “ரெயிட் இருக்கிறது, பிரதி எதற்கு?” என்று கேட்போர், பூட்டு இருக்கும் வீட்டிலே தீப்பற்றாது என்று எண்ணுவோருக்கு ஒப்பாவர்.

கொச்சிக்கடை போன்ற இடங்களில் காற்றும் மின்சாரமும் வேறு கவனிக்கத் தக்கவை. கடற்காற்றின் ஈரமும் உப்பும், துறைமுகப் பாதையில் ஓடும் பாரவூர்திகள் எழுப்பும் தூசியும் இயந்திரத்துக்குப் பகை. யன்னலோரத்தில் வைத்த பெட்டி நெடுநாள் வாழாது. மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையே காரணமென அமைச்சர் கூறினார். அனுமன் இலங்கையைத் தீயிட்டான். இக்குரங்கு விளக்கை அணைத்தது என்று மக்கள் சிரித்துக்கொண்டனர். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்த சேவையகத்துக்கு அது சிரிப்பன்று. பாதி எழுதிய ஏடு பாழாகும். மின்கலத்துடன் கூடிய தடையிலா மின்வழங்கி ஒன்றை இடையே வைத்து, மின்சாரம் நின்றால் சில நிமிடங்களில் சேவையகம் தானாகவே முறைப்படி அடங்குமாறு அமைத்தல் இன்றியமையாதது.

இனி, பெட்டகத்தின் திறப்பு யாரிடம் என்னும் வினா. பல கந்தோர்களில் நடப்பது யாதெனில், எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும். இதனால் இரு தீமைகள் விளைகின்றன. யார் எதை மாற்றினார் என்பதை அறிய முடியாது. விலகிச் சென்றவரும் உள்ளே வரலாம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். அதன் மேல், உரிமையைத் தனியாளுக்குக் கொடாது குழுவுக்குக் கொடுத்தல் நலம். ஆசிரியர் குழு புள்ளிப் பட்டியலை எழுதலாம். கணக்குக் குழு அதைப் பார்க்கவும் வேண்டியதில்லை. கணக்குக் குழு சம்பளப் பட்டியலை எழுதலாம். ஆசிரியர் அதனைத் திறக்க வேண்டியதில்லை. ஒருவர் இடம் மாறிச் சென்றால், ஒரு குழுவிலிருந்து அவர் பெயரை நீக்கினாற் போதும். ஐம்பது கோப்புறைகளைத் தேடித் திரிய வேண்டியதில்லை. ஒருவருடைய கடமைக்கு வேண்டிய அளவே அவருக்கு உரிமை என்பது பொது விதி. இதில் அவமதிப்பு ஏதுமில்லை. அதிபரே ஆயினும் அன்றாட வேலைக்குச் சாதாரண உரிமையோடு நுழைவதே அழகு. அவர் கையால் நேரும் தவறும் அப்போது சிறியதாகவே முடியும்.

இது நாகரிகம் மட்டுமன்று, சட்டமுமாகும். மாணவன் ஒருவனின் நோய்க் குறிப்பு, குடும்பமொன்றின் வருமான விவரம், ஆசிரியை ஒருவரின் விடுமுறைக் காரணம் ஆகியன பிறருடைய உடைமைகள். கந்தோர் அவற்றைக் காக்கும் காவலாள் மாத்திரமே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்கருத்தையே இலங்கையின் சட்டப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது.

திறப்புக்கு அடுத்தது ஒழுங்கு. “புதியது”, “கடைசி”, “கடைசியிலும் கடைசி” என்றெல்லாம் பெயரிட்ட கோப்புகளை எங்கும் காணலாம். ஆண்டு, மாதம், திகதி என்ற வரிசையில் எண்களை முன்னிட்டு, பின்னர் பொருளைச் சொல்லும் பெயரை எழுதினால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். தமிழில் எழுதுவோருக்கு இன்னுமொரு கடமை உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இலங்கைக் கந்தோர்களில் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. கணினியின் கண்ணுக்கு அவை தமிழல்ல. உரோமன் எழுத்துகளின் பொருளற்ற கோவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மனிதர் கண்ணுக்கும் அவ்வாறே தோன்றும். பெயரைக் கொண்டு தேடினாலும் அகப்படமாட்டா. அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றி வைத்தாலன்றி, கிட்டங்கியில் பண்டம் இருந்தும் இல்லாததே ஆகும்.

இத்தனையும் செய்த பின்னரும் எஞ்சி நிற்பது தலையாய கடமை. அதுவே பிரதி செய்தல். புகைப்படக் கலைஞரான பீட்டர் குரோக் என்பவர் பரப்பிய எளிய விதியொன்று உலகெங்கும் வழங்குகிறது. ஏடு ஒன்றுக்குப் பிரதி மூன்று இருக்கட்டும். அவை இரு வகை ஊடகங்களில் இருக்கட்டும். ஒன்றாயினும் வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்கட்டும். மூன்று, இரண்டு, ஒன்று. இக்காலத்தில் இதனோடு சேர்க்கத்தக்கது, ஒரு பிரதியேனும் வலையமைப்பிலிருந்து முற்றாகக் கழற்றப்பட்டு இருக்கட்டும் என்பது. ஏன் என்பதை நடந்த நிகழ்ச்சிகளே சொல்லும்.

2017 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மென்பொருளில் இருந்த ஓட்டையொன்றை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அந்த ஓட்டை இருந்த இடம் மேலே சொன்ன எஸ்.எம்.பி. கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதற் பதிப்பைக் கையாளும் பகுதியே. திருத்தத்தை இடாதிருந்தோர் பலர். சரியாக எட்டு வாரமும் மூன்று நாளும் கழிந்து, மே 12 ஆம் திகதி, வன்னாகிரை என்னும் நச்சு நிரல் அவ்வோட்டை வழியே கணினிக்குக் கணினி தாவியது. புகுந்த இடமெல்லாம் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அடைப்பதற்கு வழி கையில் இருந்தும் அடையாத ஓட்டையால் விளைந்த துன்பம் அது.

அதே ஆண்டு ஜூன் 27 ஆம் திகதி நொட்பெட்யா என்னும் வேறொரு நிரல் உக்ரேனிலிருந்து பரவிற்று. கொழும்புத் துறைமுகத்துக்குக் கொள்கலன்களைக் கொண்டுவரும் மார்ஸ்க் என்ற டென்மார்க்குக் கப்பல் நிறுவனம் அதற்கு இரையாயிற்று. நாலாயிரம் சேவையகங்களையும் நாற்பத்தையாயிரம் கணினிகளையும் பத்து நாட்களில் மீள அமைக்க வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர் கூறினார். யார் யாருக்கு எந்த உரிமை என்னும் பதிவேட்டைத் தாங்கிய சேவையகங்கள் உலகெங்கும் நூற்றைம்பது அளவில் இருந்தன. ஒன்று அழிந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் யாவும் ஒரே வலையில் பிணைந்திருந்தமையால் யாவும் அழிந்தன, ஒன்றைத் தவிர. மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டுக் கிளையில் அவ்வேளை மின்சாரம் தடைப்பட்டு அங்கிருந்த சேவையகம் அணைந்து கிடந்தது. மின்வெட்டினால் பிழைத்த அந்த ஒன்றிலிருந்தே முழுப் பதிவேடும் மீண்டது. தற்செயலாக அங்கே நேர்ந்ததைத் திட்டமிட்டுச் செய்வதே கழற்றி வைத்த பிரதி.

இலங்கையிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க மேகக் கணிமை என்னும் பொதுச் சேவைத் தொகுதி கப்ப நிரலொன்றினால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ ஐயாயிரம் அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதி சில மணிநேரத்தில் மீண்டது. ஆனால் மே 17 ஆம் திகதி தொடக்கம் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய பிரதியும் தொகுதியோடு இணைந்திருந்தமையால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. கழற்றி வைத்த பிரதி இல்லை. பயன்படுத்திய மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. புதியதற்கு மாறும் எண்ணம் 2021 முதல் இருந்தும் நிதி முதலிய காரணங்களால் அது தள்ளிப்போயிற்று என்று அதிகாரிகள் விளக்கினர். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதங்கள் காற்றோடு போயின. அவற்றுள் எத்தனை ஓய்வூதிய விண்ணப்பங்கள், எத்தனை இடமாற்ற முறைப்பாடுகள் அடங்கியிருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

வறிய நாட்டிலேதான் இவ்வாறு நேரும் என்று கருதற்க. கணினித் தொழிலில் முதல் வரிசையில் நிற்கும் தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி, தேஜோன் நகரிலிருந்த அரச தரவு நிலையத்தில் மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது தீ மூண்டது. அறுநூறுக்கு மேற்பட்ட அரச சேவைகள் நின்றன. அரச ஊழியர் தம் வேலைக் கோப்புகளைப் பகிர்ந்து வைத்த ஜி டிரைவ் என்னும் பொதுக் கிட்டங்கி முழுமையாக எரிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அது மிகப் பெரிதாய் இருந்தமையால் வேறிடத்தில் பிரதி வைக்க முடியாதிருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். கோப்புகளைத் தம் மேசைக் கணினியில் வையாது அங்கேயே வைக்கவேண்டும் என்ற விதியை முறையாகக் கைக்கொண்ட திணைக்களமே பெரும் இழப்பை அடைந்தது. பிரதி செய்ய இயலாத அளவு பெரிய கிட்டங்கியைக் கட்டுவது, வெளியேறும் வழியில்லாத மண்டபத்தைக் கட்டுவதற்கு ஒப்பாகும். எவ்வளவு வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தட்டின் அளவன்று; எவ்வளவுக்குப் பிரதி வைக்கலாம் என்பதே.

பிரதியிலும் இருவகை உண்டு. பெட்டிக்குள்ளேயே மணிக்கொரு தடவை அப்போதைய நிலையைப் படம் பிடித்தாற்போலப் பதிந்து வைப்பது ஒரு வகை. காலை பத்து மணிக்குத் தவறி அழித்த கோப்பை ஒன்பது மணி நிலையிலிருந்து ஒரு நொடியில் மீட்கலாம். மற்றையது, நாளுக்கொரு தடவையோ கிழமைக்கொரு தடவையோ வெளித்தட்டில் பிரதி செய்து, தட்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்டி வைப்பது. முன்னையது கைத்தவறுக்கு, பின்னையது தீக்கும் திருட்டுக்கும் கப்பக்காரருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இன்னும் ஒரு படி உண்டு. பலரும் விட்டுவிடும் படி அது. பிரதி செய்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 ஆம் திகதி கிட்லப் என்னும் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் களைப்பில் தவறான சேவையகத்தின் தரவை அழித்துவிட்டார். பிரதிக்கென வகுத்திருந்த முறைகள் ஐந்து. தேடிப் பார்த்தபோது, அவ்வைந்தில் ஒன்றும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பது தெரிந்தது. வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஆறு மணிநேரப் பழைய பிரதியே கைகொடுத்தது. அந்நிறுவனம் இதனை ஒளியாது உலகுக்கு அறிவித்தமை பாராட்டத்தக்கது. மாதம் ஒரு முறை ஏதாவதொரு கோப்பைத் தெரிந்து, பிரதியிலிருந்து மீட்டு, திறந்து படித்து, பதிவேட்டில் திகதியிட்டுக் கையொப்பமிடும் வழக்கம் எல்லாக் கந்தோரிலும் வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

தட்டுக்கும் முதுமை உண்டு என்றபடியால், வைத்ததை வைத்தபடி மறந்துவிடவும் கூடாது. சில ஆண்டுகளுக்கொரு தடவை புதிய தட்டுக்கு மாற்றியே ஆகவேண்டும். இது தமிழர் அறியாத கடமையன்று. பனையோலை நூறு, இருநூறு ஆண்டுகளில் சிதையும் என்பதை அறிந்த முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவதை ஓர் அறமாகக் கொண்டனர். அந்த வழக்கம் தளர்ந்த காலத்தில் நூல்கள் பல செல்லுக்கு இரையாயின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், தொட்டால் முரியும் ஏடுகளைத் தேடித் திரட்டி, 1887 ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றியமை, பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றிய பெருந்தொண்டு அன்றி வேறென்ன? ஓலையிலிருந்து தாளுக்குப் போன நூல் பிழைத்தது. போகாதவற்றின் பெயர்கள் மாத்திரம் உரையாசிரியரின் குறிப்புகளில் எஞ்சியுள்ளன.

ஒரே பிரதியை ஒரே கூரையின் கீழ் வைத்தலின் துயரை ஈழத்துத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் பிரதி இருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகளுக்கும் கையெழுத்துச் சுவடிகளுக்கும் மீட்சி இல்லை. 2005 ஆம் ஆண்டில் தன்னார்வத் தொண்டர்கள் “நூலகம்” என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்வருடிச் சேவையகத்தில் ஏற்றி உலகுக்கு வழங்கி வருவதன் பின்னால் அந்தத் தீயின் நினைவு இருக்கிறது. ஒருவர் அந்நூலகத்திலிருந்து ஒரு நூலை இறக்கித் தம் கணினியில் வைக்கும்போது, உலகில் அந்நூலுக்கு இன்னுமொரு பிரதி உண்டாகிறது.

இறுதியாக ஆளைப் பற்றி ஒரு சொல். கிட்டங்கிக்குக் காவலாள் இருந்தான். சேவையகத்துக்கோ பெரும்பாலும் ஆள் இல்லை. அல்லது ஒரேயோர் ஆள் இருப்பார். கணினியில் ஆர்வமுள்ள இளம் ஆசிரியரோ இலிகிதரோ தம் வேலைக்கு மேலதிகமாக அதனைப் பார்த்துக்கொள்வார். அவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும் நாளிலே தலைமைக் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். இது அவர் குற்றமன்று; அவரிடம் யாவற்றையும் விட்டுவிட்டவர்களின் குற்றம். இருவருக்கு இவ்வேலை தெரிந்திருக்க வேண்டும். தட்டு எங்கே, பிரதி எங்கே, கெட்டால் முதலில் செய்வது என்ன என்பன தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைமைக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் இரும்பு அலுமாரியில் இருக்க வேண்டும். பொறுப்புக் கையளிக்கும்போது தளபாடப் பட்டியலோடு இதனையும் எழுதிக் கையளிக்க வேண்டும்.

இவையனைத்தும் இயந்திரத்துக்காகச் செய்யும் பணிகள் என்று எண்ணுவது பிழை. பாடசாலையை விட்டு இருபது ஆண்டு கழிந்தபின், வெளிநாடொன்றில் வேலை தேடும் ஒருத்தி விடுகைப் பத்திரத்தின் பிரதி கேட்டு எழுதுகிறாள். முப்பது ஆண்டு கற்பித்து ஓய்ந்த ஆசிரியர் ஒருவர், தம் சேவைக் காலத்தில் இடையே ஓராண்டு பதிவில் இல்லை என்று கூறப்பட்டுக் கந்தோர் வாசலில் நிற்கிறார். அவர்களுக்கு வேண்டியது ஒரு தாள். அது இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் ஒரு வாழ்வின் அலைச்சல்.

காணாமற்போன பொருளை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்பது மக்கள் நம்பிக்கை. அதனாலேயே கொச்சிக்கடைத் தலத்தில் மெழுகுவர்த்திகள் இடையறாது எரிகின்றன. நம்பிக்கை நல்லது, அதனை யாரும் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் தொலைந்த பின் மன்றாடுவோரின் கூட்டத்தில் தம் கந்தோரின் பெயரும் சேராதிருக்க விரும்புவோர், இன்று மாலை வேலை முடியுமுன் ஒரு வெளித்தட்டை எடுத்து, பிரதி செய்து, கழற்றி, வேறோர் இடத்திலே பூட்டி வைப்பார்களாக.